மரியாதைக்கார மஹாதேவய்யர்

பவானிபூரில் எங்கள் சந்தில் குடியிருந்த மஹாதேவய்யருக்கு உட்கார்ந்தபடி ஒருவரை வரவேற்கத் தெரியாது. பால்காரன் வந்தால்கூட எழுந்து நிற்பார். க்ளைவ் தெருவில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. துரை அந்தப் பக்கம் எத்தனை முறை நடந்தாலும் அத்தனை முறையும் எழுந்திருப்பார். துரைக்கே அலுத்துப்போய்விட்டதாம். நாங்கள் கேலி செய்வோம். அதற்கும் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் டிராமிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பலகை வைத்துக் கட்டிக் கட்டிலில் கிடத்தினார்கள். பல வாரம் கழித்து, எலும்பு கூடிவிட்டது என்று கட்டை அவிழ்த்தபோது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது.

டாக்டர் பாபு, மஹாதேவய்யரின் மனைவி ஜகதாம்பாளைத் தனியாகக் கூப்பிட்டார். அவளுக்கு வங்காளி பாஷை நன்றாகப் புரியும்.

"காலில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறது, மா. அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சு நின்றுவிடும். அப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எண்ணெய் தேய்க்காதே. நான் சொல்லும்வரை அவர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது."

திருடன் வந்தால் கத்தலாம், பாம்பு வந்தால் அடிக்கலாம். இதை என்ன செய்வது? அவர் இருமினால் அவள் கையிலிருந்த கரண்டியோடு ஓடி வருவாள். கண்ணயர்ந்தால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். அவர் போய்விட்டால் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதைவிட, அவர் இல்லாத வீட்டை அவளால் நினைக்கவே முடியவில்லை. வாசல் கதவை யாராவது தட்டினால் முதலில் கட்டிலண்டை போய் நிற்பாள். சத்தம் கேட்டதுமே இவர் முழங்கையை ஊன்றி எழப் பார்ப்பார்.

"யாராயிருந்தா என்ன? படுத்துண்டே பேசுங்கோ."

"ஆத்துக்கு வந்த மனுஷாளைப் படுத்துண்டா பாக்கறது? மாடா நான்?"

"உசிர் போயிடும்னு சொல்றார் டாக்டர்!"

"டாக்டர்னா அப்படித்தான் சொல்வார். நீ ஏன் அழறே, அசடு."

எங்களையெல்லாம் வாசலோடு விசாரித்து அனுப்பினாள். விளக்கெண்ணெய் தேய்த்துவிட வந்த பாகீரதி மாமியைக் கிண்ணத்தோடு விரட்டினாள். திமிர் பிடித்தவள் என்று சந்து பேசியது. பேசட்டுமே, அவளுக்கு அவர் வேண்டும்.

வீக்கம் வற்றத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் போதும் என்றார் டாக்டர் பாபு. அந்த வாரம்தான் மஹாதேவய்யருடைய அண்ணா வெங்கடராமய்யர் மதராஸ் மெயிலில் வந்து இறங்கினார். தகப்பன் இல்லாத தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அவரை வாசலோடு அனுப்ப முடியுமா?

"நமஸ்காரமெல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம்" என்று ஜகதாம்பாள் கணவர் காதில் கெஞ்சினாள்.

"சரி, சரி. அண்ணாவுக்குக் காபி கொண்டா."

அவள் அடுக்களைக்குள் போனதும் மெல்லக் கட்டிலை விட்டு இறங்கி, அண்ணாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தீர்க்காயுசா இருடா" என்று அண்ணா குனிந்து தலையைத் தொட்டார். தம்பியின் தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்து அவருக்கும் கண் கலங்கியது. "போறும், எழுந்திருடா" என்றார்.

காபியோடு வந்த ஜகதாம்பாள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அதுவரை கணவரின் அண்ணா எதிரில் குரலே எழுப்பாதவள், வீறிட்டுக் கத்தினாள்: "எழுந்திருக்காதீங்கோ! அப்படியே படுத்திருங்கோ!"

கல்யாணமான நாள் முதல் அவள் சொன்னபடி அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.