பிடரிக் கருமை

பதனிட்ட தோலில் குறை தேடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரம் பிரித்தேன்; செலக்‌ஷன் என்போம். விரித்த தோலில் கை முதலில் கழுத்துப் பக்கம்தான் போகும். சுருக்கம் அங்கேதான் அதிகம். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. ஒரு நாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய மகள் செருப்பு வார் மாட்டக் குனிந்தாள். பிடரியில் கருப்பாக ஒரு பட்டை. மடிப்புகளில் வெல்வெட்டுத் துணி போலத் தடித்திருந்தது.

அவள் ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் லைனில் இருக்கிறாள். பசையின் நெடி அவள் உடையோடு வீட்டுக்கு வரும். தோல் பதனிடும் குரோம் கலந்த தண்ணீரில் வேலை செய்தவர்களின் கைகள் வெடித்துப் புண்ணானதைப் பார்த்தவன் நான். எங்கள் ஊரில் உடம்பில் எது வந்தாலும் முதலில் கெமிக்கலைத்தான் சந்தேகிப்போம். நானும் அப்படியே முடிவு கட்டினேன்.

"வேலைய வுட்டுடும்மா."

"அடுத்த மாசம் சூப்பர்வைசர் ஆக்கப்போறாங்க. இப்போ போய் வுடச் சொல்றியேப்பா."

"உடம்பு கெட்டப்புறம் சூப்பர்வைசர் ஆகி இன்னா பண்ணுவ?"

அடுப்படியிலிருந்து மனைவி, "ஊர்ல இருக்கிற ஆட்டுத்தோல எல்லாம் தடவி முடிச்சாச்சு. இப்போ வூட்டுக்குள்ள செலக்‌ஷன் ஆரம்பிச்சுட்டாரு" என்றாள்.

நான் விடவில்லை. சாப்பிடும்போதும் அதே பேச்சு. கடைசியில் மகளே இறங்கி வந்தாள். வேலூரில் தோல் டாக்டரைப் பார்ப்போம், கெமிக்கல்தான் என்று சொன்னால் அன்றைக்கே வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு வருடம் அந்த லைனில் நின்று அவள் சம்பாதித்த இடம் அது.

டாக்டர் அம்மாள் பிடரியை ஒரு தடவைதான் பார்த்தார். பசை, குரோம் என்று நான் அடுக்கத் தொடங்கியதைக் கையமர்த்திவிட்டு மகளிடம், "பீரியட்ஸ் மாசாமாசம் வருதாம்மா?" என்று கேட்டார். நான் எழுந்தேன்.

"இருப்பா," என்றாள் மகள். "நீதான இட்டுனு வந்த."

உட்கார்ந்தேன். மேசைமேல் இருந்த பேனாக்களை எண்ணினேன். ஐந்து. மறுபடியும் எண்ணினேன். நாலு மாதமாக வரவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பும் ஒழுங்கில்லை. வந்தால் சீக்கிரம் நிற்பதில்லை. தலைமுடி கொட்டுகிறது. மோவாயில் முளைக்கிறது, பார்லரில் நூல் வைத்து எடுத்துக்கொள்கிறாள். சோற்றைக் குறைத்தும் எடை ஏறுகிறது. மத்தியானம் லைனில் நிற்கும்போதே கண் சொருகுகிறது. தெருவில் போகும் லாரியைக்கூட எண்ணுகிற எனக்கு, இவற்றில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்து மறுமுறை போனபோது டாக்டர் விளக்கினார். பி.சி.ஓ.எஸ். சினைப்பையில் முட்டைகள் முழுதாக வளராமல் சிறு சிறு நீர்க்குமிழிகளாக நின்றுவிடுகின்றன. இன்சுலினும் சரியாக வேலை செய்வதில்லை. பிடரிக் கருமை அதன் அடையாளம். பசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன்," என்றார். "கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். மாத்திரை, சாப்பாடு, நடை."

"வேலைய வுட்டா சரியாகுமா டாக்டர்?"

"வேலையை ஏன் விடணும்? என்ன மாதிரி வேலை?"

"இப்போ ஒரே எடத்துல நின்னு ஒட்டுறது," என்றாள் மகள். "சூப்பர்வைசர் ஆனா லைன் பூரா நடக்கணும்."

"அப்போ ஆகிடுங்க."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு வேறு கவலை வந்திருந்தது. அவளுக்கு இருபத்தொன்பது. கல்யாணம், குழந்தை என்று மெல்ல இழுத்தேன்.

"அதையும் கேட்டுட்டேன்பா. ஆவாதுன்னு சொல்லல. லேட் ஆகலாம், மருந்து இருக்குதுன்னாங்க. வர்றவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ பேஜாரு பண்ணாத."

பள்ளிகொண்டா தாண்டும் வரை எதிரே வந்த லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

மாத்திரை முதல் சில வாரங்கள் அவளைப் படுத்தியது. குமட்டலோடு, கையில் ஒரு பாலிதீன் பையை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். வீட்டில் சோறு குறைந்து கேழ்வரகும் கம்பும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி உண்டு. கரண்டியை மனைவி வைத்துக்கொள்வாள். சாயங்காலம் மகளும் நானும் நடக்கிறோம். அவள் வேகம் எனக்கு வராது. திரும்பி வரும் வழியில் என்னைச் சேர்த்துக்கொள்வாள். மாதவிலக்கு சில மாதம் வருகிறது, சில மாதம் வருவதில்லை. அதை நான் கேட்க முடியாது. "இன்னிக்கு நடக்க வரலியாம், வயித்து வலியாம்" என்று மனைவி சொல்லும் நாளில் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. மகளுக்கு வலி என்று கேட்டு நிம்மதி அடைவேன் என்று நான் நினைத்ததில்லை.

சூப்பர்வைசருக்கு நீலக் கோட்டு. லைனுக்குள் துப்பட்டா கூடாது, முடியைத் தூக்கிக் கட்ட வேண்டும். முன்பெல்லாம் கம்பெனி கேட் வரை பிடரியைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு போவாள். இப்போது வீட்டிலேயே கோட்டைப் போட்டு, முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தெருமுனையில் எல்லோரும் பார்க்க நிற்கிறாள். நேற்றும் வார் மாட்டக் குனிந்தாள். கருமை குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது.

"இன்னாப்பா, செலக்‌ஷன் முடிஞ்சுதா?" என்றாள், நிமிராமலே.

"வெளிச்சம் பத்தலம்மா," என்றேன்.

வாசலில் நல்ல வெயில். அவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள்.