ஹமீதின் அட்டைப்பெட்டி

போன வெள்ளிக்கிழமை, நான் இப்போது வேலை பார்க்கும் ரூவியில் ஒரு கடை வாசல். ஊருக்குப் போகிற ஒருவர் அட்டைப்பெட்டிக்கு நைலான் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முழங்காலால் அமுக்கி, பல்லைக் கடித்து... எனக்கு ஹமீது ஞாபகம் வந்துவிட்டது.

பல வருஷங்களுக்கு முன் நான் ராஸ் அல் கைமாவில், ஒரு சிமென்ட் ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க். லேபர் கேம்ப் ரூமில் மூன்று பேர். நான், மூட்டை பேக்கிங்கில் இருந்த ராமநாதபுரத்து முருகேசன், ஈராக்கிலிருந்து வந்த ஃபிட்டர் ஹமீது. முருகேசனின் மீன் குழம்பை ஹமீது காரத்தில் கண்ணில் நீர் வழியச் சாப்பிடுவார். மறுநாளும் தட்டை நீட்டுவார். என்ன மனுஷன்!

ஈராக்கில் அந்நியப் படைகள் இருந்த காலம் அது. ஒரு நாள் ஹமீதுக்கு ஃபோன். பஸ்ராவில் அவர் முன்பு வேலை பார்த்த அதே அரசாங்க ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை. இங்கே வாங்குவதைவிட ஜாஸ்தி சம்பளம்.

சொந்த ஊரில் கல்ஃப் சம்பளமா? எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவரைக் கேட்காமலேயே பெட்டி கட்டிவிட்டோம். கம்பளி, சோப்பு, பால் பவுடர், தைலம் — மேலே மார்க்கரில் கொட்டை எழுத்தில் பெயர்.

ஹமீது பெட்டியைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"மாஃபி, பாய். இல்லை, நான் போகலை."

அந்த பஸ்ரா ஃபேக்டரியை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கப்போகிறார்களாம். பழைய ஆட்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹமீதின் அண்ணனும் அதில் ஒருவர். அவர்கள் இடத்துக்குத்தான் ஹமீதைக் கூப்பிடுகிறார்கள்.

"அண்ணனைத் தாண்டித்தான் உள்ளே போகணும். எப்படிப் போவேன்?" என்றார் அரைகுறை இந்தியில்.

முருகேசன் என்னிடம் திரும்பினார். "பொண்டாட்டி புள்ளைக அங்கதான சார் இருக்காக? எப்படி வேணாம்னு சொல்ல மனசு வருது?"

நான் அதை இந்தியில் சொன்னதும் ஹமீது அழுதார்.

பெட்டி ரூமிலேயே தங்கிவிட்டது. மேலே பேப்பர் விரித்தால் அதுதான் எங்கள் டைனிங் டேபிள். தொழிற்சங்கம் என்ற சொல்லையே மெதுவாகச் சொல்லும் ஊர் அது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் பஸ்ரா கேட்டைப் பற்றித்தான் பேச்சு. "இன்னைக்கும் உக்காந்திருக்காகளா?" என்று முருகேசன் கேட்காத நாளில்லை. அடடா... அந்தச் சாப்பாடும் பேச்சும் இனி எங்கே கிடைக்கும்?

மாதங்கள் ஓடின. ஒரு நாள் அண்ணனே ஃபோன் செய்தார். விற்பனை நின்றுவிட்டது. எல்லாரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஹமீதுக்கும் பழைய ஃபிட்டர் வேலை உண்டு. சம்பளம் கம்மிதான். ஹமீது எங்களைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

குழம்புக் கறையோடு அதே பெட்டிக்குப் புதுக் கயிறு கட்டினோம். முழங்காலால் அமுக்கியது நான்தான். அவரை அனுப்பிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் ரூமில் ஏசி நின்றுபோனது. ஒவ்வொரு வெயில் காலத்திலும் அப்படித்தான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஒருவரும் மேனேஜரிடம் போய்க் கேட்டதில்லை. அன்று முருகேசன் சட்டையை மாட்டினார்.

"பக்கத்து ரூம் ஆளுகளையும் கூப்புடுங்க சார். மேனேஜரைப் பாத்துட்டு வருவோம்."

ஏசி ஓடியதா என்று கேட்காதீர்கள்... மேனேஜர் கதவைத் தட்டினோமே!