ஐஸ் கட்டாத மதியம்

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு நடந்த விஷயம் இது. எனக்கு ஊர் காரைக்கால் பக்கம் போலகம். வீட்டில் நெல் விவசாயம், வீட்டுக்காரருக்கு ஆபீஸ் உத்தியோகம். உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துதான் பதில் சொல்வேன்: நான் ஐஸ் மெஷின் ஓட்டுகிறேன். அதுவும் வெயிலில் ஓடும் ஐஸ் மெஷின்.

எங்கள் மகளிர் குழு நடத்தும் மெஷின் அது. ஷெட்டின் கூரை மேல் வரிசையாக சோலார் பேனல்கள். காலையில் டிரேக்களில் தண்ணீர் ஊற்றினால் மதியச் சாப்பாட்டுக்குள் கல் மாதிரி ஐஸ் தயார். கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்கள் எங்களிடம்தான் வாங்குகிறார்கள். முன்பெல்லாம் உச்சி வெயிலுக்கே மீன் தளர்ந்துவிடும், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருவார்கள். இப்போது சாயங்காலம் வரைக்கும் மீனும் விறைப்பாக இருக்கிறது, அவர்கள் பேரம் பேசுவதும் விறைப்பாக இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி நான் பீற்றிக்கொள்வதைக் கேட்டு என் வீட்டுக்காரருக்குக் காது புளித்துவிட்டது.

புகை இல்லாத மின்சாரத்துக்கு எல்லோரும் சேர்ந்தே மாறுவோம் என்று அக்கம்பக்கத்து நாடுகள் கூடிப் பேசி ஆரம்பித்த ஒரு திட்டத்தில் வந்த மெஷின் இது. ஒரு நாட்டில் நன்றாக ஓடுவதை மற்ற நாட்டுக்காரர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். இந்த முறை எங்கள் ஊர். இலங்கை, வங்கதேசம், நேபாளம் மூன்றிலிருந்தும் ஆள் வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஷெட்டுக்கு வெள்ளையடித்தோம், வாசலில் பெரிய கோலம் போட்டோம். சீலா மீன் குழம்பு வைக்க ஆள் சொல்லியாயிற்று.

வேனில் வந்து இறங்கியவர்களில் வங்கதேசத்து இன்ஜினீயர் தம்பியும் நேபாளத்துக்காரரும் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு இந்தி சுட்டுப்போட்டாலும் வராது. நல்லவேளையாக எங்கள் குழுவில் என்னோடு மெஷின் பார்க்கும் தோழி, புருஷனோடு சில வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவள். அங்கே கற்றுக்கொண்ட இந்தியை அன்றைக்கு அள்ளி வீசினாள். இலங்கையிலிருந்து வந்தது யாழ்ப்பாணத்துக் கடலோரத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். சிரிக்கவே இல்லை. நான் மெஷினைப் பற்றி மூச்சுவிடாமல் அளந்துகொண்டிருந்தபோதும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே நின்றார்.

டீ குடிக்கும்போதுதான் என்னைத் தனியாக அழைத்தார்.

"அக்கா, நான் ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையுங்கோ. இது உண்மையிலயே ஓடுதோ? இல்லாட்டி எங்களுக்குக் காட்டுறதுக்கு மட்டும் ஓடுதோ?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏங்க அப்படிக் கேக்குறீங்க?" என்றேன்.

அவர் சொன்னார். அவர்கள் ஊருக்கும் இதே மாதிரி மெஷின் வந்திருக்கிறது. பார்த்துப் பார்த்துத் திறந்து வைத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஒழுங்காக ஐஸ் கட்டவில்லை. பழுது பார்க்க வந்தவர்களும் உள்ளே ஒயரையும் மெஷினையும் சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

"இந்தியாவில இருந்து வந்த சாமான் எண்டு ஆம்பிளையள் எல்லாரும் பகிடி பண்ணிச் சிரிக்கினம். உங்கட போட்டுகள் வந்து எங்கட வலையளை அறுத்துக்கொண்டு போகுது, அந்தக் கோபம் வேற. வேண்டாம், கழட்டிக்கொண்டு போங்கோ எண்டு எழுதிக் குடுக்க நிக்கினம். நான்தான் கண்ணால பாத்திட்டு வாறன் எண்டு சொல்லி வந்தனான். இங்க ஓடினா அவையளோட நிண்டு சண்டை பிடிப்பன். ஓடாட்டி நானும் கையெழுத்துப் போடுவன்."

அந்த அம்மா அதற்காகத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறார். அதைக் கேட்டதும் என் ஜம்பமெல்லாம் அடங்கிவிட்டது. "மதியம் பாருங்க, உங்க கையிலயே ஐஸ எடுத்துக் குடுக்குறேன்" என்றேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் நானும் தோழியும் மட்டும் உள்ளே போய் மூடியைத் திறந்து பார்த்தோம். டிரேக்களில் ஓரமாக ஆடை கட்டினாற்போல் மெல்லிசாக ஏதோ படிந்திருந்தது. நடுவில் தண்ணீர் தளதளவென்று ஆடியது.

"யா அல்லாஹ்!" என்றாள் தோழி.

பூஜை லீவு முடிந்து மறுபடி ஓட்டிய முந்தின நாளும் சரியாகக் கட்டவில்லைதான். அன்றைக்கு ஒரே மப்பாக இருந்ததால் வெயில் இல்லை, அதுதான் காரணம் என்று விட்டுவிட்டோம். இன்றைக்கோ வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தார். "இந்தா, பேசாம கரண்ட்டுல போட்டுவுடு. சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள கட்டிடும். யாருக்குத் தெரியப்போவுது?"

மழைக்காலத்துக்கென்று ஷெட்டுக்குள் கரண்ட் லைனும் உண்டு. ஒரு சுவிட்சைத் திருப்பினால் போதும். திருப்பத்தான் போனேன். சுவிட்ச் மேல் கையும் வைத்துவிட்டேன். ஊர் மானம், குழு மானம், கோலம், குழம்பு எல்லாம் ஒரு நிமிஷம் மனசில் ஓடியது. காட்டுவதற்கு மட்டும் ஓடுகிறதா என்று அந்த அம்மா கேட்டாரே, அதுவும்தான். கையை எடுத்துவிட்டேன்.

"வேணாங்க. அந்தப் பொம்பள இத நம்பி அங்க போய் சண்ட போடப்போறாங்க. நாம ஏமாத்தி அனுப்புனா அது பெரும்பாவம்."

"அப்ப என்னதான் சொல்லப்போற?"

"கட்டலன்னுதான்."

வெளியே வந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன். "இன்னிக்கு ஐஸ் கட்டலைங்க. ஏன்னு எங்களுக்கே தெரியல." தோழி அதை இந்தியில் சொன்னாள். அவர்களை வேனில் அழைத்து வந்த திட்ட அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. யாழ்ப்பாணத்து அம்மா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் வந்தவர்கள் யாரும் சாப்பாட்டுக்குப் போகவில்லை. நேபாளத்துக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போய் ஒயர் ஒயராகப் பார்த்தார். அந்த வங்கதேசத்துத் தம்பி ஏணி எங்கே என்று கேட்டு, விறுவிறுவென்று கூரைக்கு ஏறினார். ஏறின சற்று நேரத்தில் மேலிருந்து ஒரே சிரிப்புச் சத்தம். எங்கள் எல்லோரையும் கையைக் காட்டி மேலே கூப்பிட்டார்.

நானும் ஏறினேன். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

ஒவ்வொரு பேனலிலும் நட்டநடுவே, உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்துபோன சந்தனம். அதன் மேல் குங்குமம். ஆயுத பூஜையன்று என் கையால் நானே வைத்தது. கீழே நின்று ஏணி பிடித்தவள் என் தோழி. "அக்கா, நல்லாப் பெருசாவே வைங்க, வருஷம் பூரா நமக்குச் சோறு போடுதுல்ல" என்று சொன்னதும் அவள்தான்.

பேனலில் ஒரு கட்டம் மறைந்தாலும் அதோடு சேர்ந்த வரிசை முழுக்கப் படுத்துவிடும், ஓஸ் பைப்பை ஒரு இடத்தில் மிதித்த மாதிரி. இது பயிற்சியிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். காக்கா எச்சம் விழுந்தால் ஓடிப்போய்த் துடைப்பேன். ஆனால் பூஜைக்கு வைத்த சந்தனத்தை யாராவது அழுக்கு என்று நினைப்பார்களா? சாமிக்கு வைத்த பொட்டு தானாகத்தான் உதிர வேண்டும், நாமாக அழிக்கக் கூடாது என்றே வளர்ந்தவள் நான்.

"என்னக்கா இது?" என்று பின்னால் ஒரு குரல். யாழ்ப்பாணத்து அம்மா ஏறி வந்திருந்தார். சந்தனத்தையே உற்றுப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"ஐயோ கடவுளே! நாங்களும் இதைத்தானே செய்தனாங்கள்!"

திறப்புவிழா அன்று அவர்களும் கோயிலில் இருந்து சந்தனம் குங்குமம் கொண்டு வந்து பேனல் பேனலாக அப்பியிருக்கிறார்கள். போதாததற்குக் குறுக்கே தோரணமும் கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியத்துக்குக் கட்டியதை அவிழ்க்கக் கூடாதென்று யாரும் தொடவில்லை. அங்கே அதற்கப்புறம் மழையும் இல்லை. சோதிக்க வந்தவர்கள் யாரும் கூரைக்கு ஏறவும் இல்லை.

கூரையில் நின்றபடியே புருஷனுக்குப் போன் போட்டார். "ஒண்டும் கேக்காதையுங்கோ, ஏறுங்கோ. ஈரத்துணி கொண்டு போங்கோ. சந்தனத்தை எல்லாம் துடையுங்கோ. தோரணத்தை அறுத்து எறியுங்கோ. பாவம் வந்தா எனக்கு வரட்டும்!"

இங்கே நாங்களும் வாளியும் துணியுமாக வேலையில் இறங்கினோம். நாலு நாட்டுக்காரர்கள் ஒரே கூரையில் முட்டி போட்டுக்கொண்டு சந்தனம் தேய்த்த கூத்தைப் பார்த்துத் தெருவே சிரித்தது. துடைத்து முடித்ததும் கீழே மெஷின் சத்தம் மாறியது. எனக்குப் பழகின சத்தம் அது. கீழே இறங்கி மீன் குழம்பைப் போட்டுச் சாப்பிட்டோம். வேன் கிளம்பும் நேரத்தைத் தள்ளிப்போட வைத்தேன். வெயில் சாய்வதற்குள் ஒரு டிரே கட்டியாகிவிட்டது. சொன்னபடியே எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தேன். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன், யாருக்கு என்ன!

மறுநாள் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அவர்கள் ஊர் ஐஸ் பெட்டி. உள்ளே வெள்ளை வெளேரென்று ஐஸ். சுற்றிலும் ஆண்கள். அதில் ஒருவர், எங்கள் பக்கத்துப் போட்டுகளிடம் வலையைப் பறிகொடுத்தவராம், ஒரு துண்டு ஐஸைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, மெசின் நல்ல மெசின்தான். உங்கட போட்டுகளுக்கும் கொஞ்சம் புத்தி சொல்லுங்கோ."

அந்த வீடியோவை ஊரில் ஒருவர் பாக்கி இல்லாமல் காட்டினேன். எங்கள் பக்கத்து மீனவர்களுக்கும்தான்.

அன்றைக்கு நான் அந்த சுவிட்சைத் திருப்பியிருந்தால் இங்கே ஐஸ் கட்டியிருக்கும், கைதட்டலும் கிடைத்திருக்கும். அக்கரையில் இன்றைக்கு மீன் கெடாமல் இருப்பது, ஐஸ் கட்டவில்லை என்று நாங்கள் வாயைத் திறந்து சொன்னதால்தான் என்று நினைக்கும்போதெல்லாம், என் வாழ்க்கையிலேயே நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான் என்று தோன்றுகிறது.