கோட்டைத் தாண்டிய கால்

தென்கொரியாவின் தொங்யொங் துறைமுகத்தில், எங்கள் கொட்டகையில், வூ மல்சுன் அக்காவைப் போல வேகமாகச் சிப்பி பிளக்க ஆளே கிடையாது. ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூட நாளில் ஹாக்கி கோல்கீப்பர். மாகாண இறுதிப்போட்டியில் பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தடுத்தும், எதிராளி பந்தை அடிக்கும் முன்பே அக்காவின் கால் கோல் கோட்டை விட்டு நகர்ந்துவிட்டது என்று நடுவர் எதிரணிக்கு கோல் கொடுத்துவிட்டார். தோல்வி. "நான் அசையவே இல்லடி!" என்று முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மீனவக் கிராமத்துப் பெண்கள் தலைநகர அணியை ஹாக்கியில் ஜெயிக்கிற படம் எங்கள் ஊருக்கு வந்தது. டைரக்டரும் நடிகையும் நேரில் வருகிறார்கள் என்றதும், நாங்கள் நாலு பேர் ரப்பர் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு முதல் காட்சிக்கே ஓடினோம்.

அக்கா நாற்காலி நுனியிலேயே இருந்தார். "இடது பக்கம்! இடது பக்கம் பாருடி!" முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். அரை மணி நேரத்தில் அவரும் சேர்ந்து கத்தினார்.

கடைசிப் பெனால்டி. கதாநாயகி ரெண்டடி முன்னால் பாய்ந்து பந்தைத் தடுத்தாள். அரங்கமே எழுந்துவிட்டது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார். கன்னமெல்லாம் கண்ணீர்.

விளக்கு எரிந்ததும் டைரக்டர் மேடையில் நின்று கருத்துக் கேட்டார். அக்கா மைக்கைப் பிடுங்காத குறைதான்.

"பிரமாதம் தம்பி! என் தொண்டையே போச்சு. ஆனா அந்தப் பொண்ணு செஞ்சது ஃபவுல். அடிக்கறதுக்கு முன்னாடி காலை எடுக்கக் கூடாது. சட்டப்படி உங்க பொண்ணுங்க தோத்துட்டாங்க!"

ஒரே சிரிப்பு. டைரக்டரின் காது சிவந்துவிட்டது. "பாய்ஞ்சாத்தான் பார்க்க நல்லாருக்கும்னு இவர்தாம்மா சொன்னாரு!" என்றாள் நடிகை.

அக்கா மைக்கை விடவில்லை. "உன்னைக் குத்தம் சொல்லல கண்ணு. நானும் நகர்ந்தவதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒரு ஃபைனல்ல. இல்லவே இல்லைன்னு இத்தனை வருஷம் சாதிச்சேன். உன் காலைப் பார்த்ததும் என் கால் கண்ணு முன்னாடி வந்துருச்சு. அந்த நடுவர் சொன்னது சரிதான்."

நடிகை மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

வெளியே வந்ததும் அக்கா, பக்கத்து நகரமான ஜின்ஜுவில் இருக்கும் பழைய கேப்டன் பியோ புன்ஒக்கைப் போனில் கூப்பிட்டு, படத்தையும் டைரக்டரிடம் ஃபவுல் என்று சொன்னதையும் மூச்சுவிடாமல் கொட்டினார்.

"புன்ஒக், அன்னிக்கு நான் காலை நகர்த்தினேன்டி."

"தெரியும்டி."

"என்னது?"

"பத்து பேரும் பார்த்துட்டுத்தானே நின்னோம். நீ அழுத அழுகைக்கு அதைச் சொல்ல யாருக்குடி வாய் வரும்?"

"பாவிகளா! முப்பத்தெட்டு வருஷமா ஒருத்தி சொல்லல!" அக்கா தியேட்டர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். "சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு எல்லாரையும் இழுத்துட்டு வா. இந்தப் படத்தைப் பார்த்தே ஆகணும்."

"ஃபவுல்னு ஊரைக் கூட்டிச் சொன்னேங்கறே, அப்புறம் எதுக்கு?"

"ஃபவுல்தான். ஆனா அவ பாயறா பாரு... நீயும் எந்திரிச்சு குதிப்பேடி!"

சனிக்கிழமை அந்தப் பத்து பேரில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள்.