ஆறு விநாடி முகங்கள்

மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் எனக்குப் பக்கத்து நாற்காலி, நான் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஊழியருடையது. பதினோரு வருடம் ஒரே மேசை, ஒரே கோந்து டப்பா. அக்கா அதிகம் பேசமாட்டார். பேசினால் தேங்காய் உடைத்த மாதிரி இருக்கும். உள்ளே சேர்க்கும் நோயாளிகளின் பெயரைப் பதிவது அவர் வேலை. பெயர் தெரியாமல் யாராவது வந்தால் மட்டும் பேனாவை மூடிவைத்துவிட்டு வார்டுக்கே போய் முகத்தைப் பார்த்துவிட்டு வருவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் காரணம் புரியவில்லை.

அவருடைய தம்பி ஒருநாள் காலை, முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டிலிருந்து போனவன். இருபத்தாறு வயது. மனம் சரியில்லாமல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திரும்பவேயில்லை. காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து, கால் தேய அலைந்து, மூன்று மாதம் கழித்து டிவியில் அறிவிப்பு வந்தது. வேலைநாட்களில் மதியம் ஒன்று நாற்பதுக்குக் காணாமல் போனவர்களின் படங்களை வரிசையாகக் காட்டுவார்கள். ஒரு முகத்துக்கு ஆறு விநாடி. அக்கா அப்போது பணியில் இருந்தார். வீட்டில் பார்த்தது அவருடைய அம்மா மட்டும்தான்.

"கண்ணாடியத் தேடி எடுத்துப் போடறதுக்குள்ள அவன் போயிட்டான்டி" என்று அம்மா அழுதாராம்.

அது அக்காவை உள்ளுக்குள் அரித்தது. பெற்றவளுக்கே அந்த ஆறு விநாடி போதவில்லை. வழியில் போகிறவனுக்கு எங்கே மனதில் நிற்கப்போகிறது?

அடுத்த மாதம் ஒரு டிவி ட்யூனர் கார்டு வாங்கினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. கணினியைத் திறந்து உள்ளே செருகி, டிவிக்குப் போகும் கேபிளைப் பின்னால் முறுக்கிவிட்டால் கணினித் திரையில் டிவி வரும். நேரம் குறித்து வைத்தால், ஆள் இல்லாதபோதும் பதிவு செய்துகொள்ளும். பதிந்ததை வேண்டிய இடத்தில் நிறுத்தி வேண்டிய நேரம் பார்க்கலாம். அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்த நிறுத்தம்தான்.

கார்டைப் பொருத்திக்கொடுத்தவர் அவருடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக். "பத்து மாடி லிஃப்ட்டையே ஓட்டறேன், இந்தப் பொட்டிய ஓட்டமாட்டேனா?" என்று திருப்புளியோடு உட்கார்ந்தார். முதல் வாரம் முழுக்கப் படம் வந்தது, சத்தம் வரவில்லை. கார்டிலிருந்து ஒலிக்குப் போகவேண்டிய ஒரு குட்டிக் கம்பி கார்டு வந்த அட்டைப்பெட்டியின் மடிப்பிலேயே கிடந்தது. அதற்காக அக்கா அவரை வருடக்கணக்கில் கிண்டல் செய்தார்.

தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அன்றைய பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு முகத்திலும் நிறுத்துவார். காது, புருவம், தழும்பு எல்லாவற்றையும் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார்.

"உங்க தம்பி படம் ஒரு தடவதானே வந்துச்சு. இன்னும் எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"இவங்கள்ல யாராவது நம்ம வார்டுல படுத்திருக்கலாம் இல்ல?" என்றார். "அவனும் இப்படி எங்கயாவது படுத்திருந்தா, அங்க ஒருத்தி பாக்கணும் இல்ல?"

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒருவர் வந்தார். சாலையில் அடிபட்டுக் கிடந்தவர், ஐம்பது வயதிருக்கும், தாடி மூடிய முகம். தலைக்காயம் ஆறியும் வாய் திறக்கவில்லை. வார்டில் அவர் பெயர் 'பதினேழு', கட்டில் எண். அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இடது காது மடல் ரெண்டா பிளந்திருக்கு. எங்கயோ எழுதியிருக்கேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் புரட்டி, நான்கு மாதத்துக்கு முந்தைய பதிவைத் தேடிப் பிடித்தார். மழுங்கச் சிரைத்த முகம். ஆனால் அதே காது. பெயரும் அடையாளமும் சொல்லிவிட்டுத் தொலைபேசி எண்ணை வாசிக்கும்போது பதிவு முடிந்துவிட்டது. கணினியின் கடிகாரம் சில நிமிடம் முந்தி ஓடியிருக்கிறது. கடைசி இலக்கம் இல்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பதினேழின் கட்டிலருகே நின்று அந்தப் பெயரைச் சொன்னார். மூன்றாம் முறை சொன்னபோது அவர் கண் திரும்பியது. காவல் நிலையத்துக்குச் சொன்னோம், பார்க்கிறோம் என்றார்கள். டிவி நிலையத்தில் பழைய அறிவிப்புகளை வைத்திருப்பதில்லை என்றார்கள்.

அக்கா எங்கள் மேசைத் தொலைபேசியை இழுத்துக்கொண்டார். கடைசி இலக்கத்துக்குப் பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஓர் எண் மரக்கடை. இன்னொன்றை யாரும் எடுக்கவேயில்லை. ஒருவர் திட்டினார். ஆறாவது எண்ணில் ஓர் இளம்பெண் குரல். அக்கா அந்தப் பெயரைச் சொல்லி, "அவர் உங்க வீடா?" என்று கேட்டதும், "அப்பா!" என்றாள்.

"உயிரோட இருக்கார்மா" என்றார் அக்கா. "மொதல்ல அத கேட்டுக்கோ. உயிரோட இருக்கார். மிச்சத்த அப்புறம் சொல்றேன்."

எதை முதலில் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தெரியும். தம்பிக்காக அவர் வீட்டுக்கு வந்த அழைப்புகள் எல்லாம் 'ஒரு உடல் வந்திருக்கு, வந்து பாருங்க' என்று ஆரம்பித்தவை. அப்படி ஐந்து முறை போய்ப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் மகள் வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். அவள் தோளில் தொங்கிய பை திறந்து கிடந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், கையை நீட்டி மெதுவாக ஜிப்பை இழுத்து மூடினார்.

"தினமும் ஸ்கூலுக்குப் போறப்ப அப்பா இப்படித்தான் மூடிவிடுவார்" என்று சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அக்கா மேசைக்கு வந்து பதிவேட்டைத் திறந்து, 'பெயர் தெரியாத ஆண்' என்பதை ஒரே கோடாக அடித்து மேலே பெயரை எழுதினார். பிறகு கழிப்பறைக்குப் போய் அரைமணி நேரம் வரவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஏழு வருடத்தில் இன்னும் மூன்று பேரைக் கண்டுபிடித்தார். அதில் ஒருவர், வீட்டார் வந்து சேரும் முன்பே இறந்துவிட்டார். அந்த அறிவிப்பு நேரமும் நின்றுபோய், கார்டும் ஒருநாள் கெட்டுப்போனது. அக்கா வேறு வாங்கவில்லை.

தம்பி இன்னும் வரவில்லை. இருந்தால் இப்போது நாற்பதைத் தொட்டிருப்பான். பெயர் தெரியாதவர் யார் வந்தாலும் இப்போது வார்டிலிருந்தே அக்காவைக் கூப்பிடுகிறார்கள். போன வாரமும் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அவன் இல்ல" என்றார். "ஆனா நெத்தில ஒரு மச்சம் இருக்கு. எழுதிக்கோ."