சீட்டில் எழுதிய வியாழக்கிழமை

பொன்னமராவதிக்கு மேற்கே, மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வருஷம் டாக்டராக இருந்தேன். அந்த மூன்று வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் "வாரேன்" என்று சொல்லிக்கொண்டு போனதில்லை. ஊசி போட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். சாவு வீட்டிலிருந்து அப்படித்தான் கிளம்புவோம், தெரியும். ஆஸ்பத்திரிக்கும் அதே மரியாதைதான் என்பது கடலோரத்து மீமிசல் பக்கத்துக்காரியான எனக்குத் தெரியாது.

வந்த புதிதில், காய்ச்சலுக்கு மருந்து வாங்கிய ஒருவரை "போயிட்டு வாங்க" என்று வாய் நிறையச் சொல்லி அனுப்பினேன். மனுஷர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்துவிட்டுப் போனார். பார்மசிஸ்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்பல்லாம் மலையிலேருந்து இங்கிட்டு கட்டில்லதான் தூக்கியாருவாங்க டாக்டர். டாக்டர் வாரத்துல ஒரு நாள்தான் வருவாரு. பாதிப் பேரு பொழைக்கல. இந்த வாசலுக்கே திரும்ப வாங்கன்னா யாருக்குப் பொறுக்கும்?"

எனக்கெதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன். மறுபடி வரவேண்டியவர்களுக்குச் சீட்டில் கிழமையை எழுதிக் கொடுத்தேன். சாயங்காலமானால் குவார்ட்டர்ஸில் நானும் டிவியும்தான். சோறு வடிக்கும்போது என்னையே சத்தமாகத் திட்டிக்கொள்வேன், வீட்டில் ஒரு மனுஷக் குரலாவது கேட்கட்டுமே என்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டு மாசக் கர்ப்பிணி ஒருத்தி மாமியாரோடு வந்தாள். தலைப்பிள்ளை. பிரஷர் ஏறியிருந்தது, கால் வீங்கியிருந்தது. மாத்திரை கொடுத்தேன். வியாழக்கிழமை மறுபடி பார்த்தே ஆகவேண்டும், குறையாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். மாமியார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "வியாழக்கிழமை வாங்க" என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தேன். இருவரும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. ஆள் அனுப்பியிருக்கலாம், போன் செய்திருக்கலாம். நாளைக்கு வருவாள் என்று இருந்துவிட்டேன், பாவி. சனிக்கிழமை காலையில் வலிப்போடு தூக்கிவந்தார்கள். ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்கு அனுப்பினேன். தாய் பிழைத்தாள். பிள்ளை போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து பிரஷர் பார்க்கத் தனியாக வந்தாள். கையில் பட்டையைச் சுற்றும்போது, மனசு கேட்காமல் நானே ஆரம்பித்தேன்.

"சீட்டுல வியாழக்கிழமைன்னு எழுதியிருந்தேனேம்மா."

"படிச்சேங்க. அத்தைகிட்டயும் காட்டுனேன். 'கண்டிப்பா வரணும்னா டாக்டரம்மா வாயால சொல்லியிருக்கும், இது சும்மா எழுதுறது'ன்னாங்க."

ரவிக்கைக் கையைப் பட்டைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அத்தை கோவிச்சுக்கிட்டாலும் நான் வந்திருப்பேங்க."

குரலில் கோபமே இல்லை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.