வராதீங்க என்று வழியனுப்பிய வீடு

போன வாரம் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். அங்கே லிஃப்டை விட்டு இறங்குவதற்குள் கைபேசியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தி: ‘நன்றி, மீண்டும் வருக.’ புத்தி கெட்டுப்போய் அதைச் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். அம்மாவின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “ஆஸ்பத்திரிக்கு மறுபடி வான்னு யாராவது கூப்பிடுவாங்களாடா?”

அப்படிக் கேட்க அம்மாவுக்கு உரிமை உண்டு. தொண்ணூறுகளில் அடையாறில் நாங்கள் கெஸ்ட் ஹவுஸ் நடத்தினோம். பெயர்தான் பெரிது. அப்பா போன பிறகு மாடி அறைகளை, புற்றுநோய் வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு விட்டோம், அவ்வளவுதான். கொல்லையில் வரிசையாக மண்ணெண்ணெய் ஸ்டவ்கள். அந்த நெடியும் குழைந்த கஞ்சி வாசனையும் கலந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்தக் கொல்லைதான் ஞாபகம் வரும். சாயங்காலம் அவர்கள் திரும்பி வரும் நடையைப் பார்த்தே டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மாடிக்கு ரசம் கொடுத்தனுப்புவாள். அடுத்தவர் நோயில் நம் வீட்டு அடுப்பு எரிகிறதே என்று அவளுக்கு ஓர் உறுத்தல்.

அதனாலோ என்னவோ, யார் காலி செய்தாலும் கேட் வரை போய், “நல்லபடியா போங்க. இனிமே இந்தப் பக்கமே வராதீங்க” என்பாள். அவர்களும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. ‘போறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். வேறு எந்த வீட்டு வாசலிலாவது அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு அடி விழுந்திருக்கும். தெருமுனை ஆட்டோக்காரருக்குச் சிரிப்புத் தாங்காது. “இன்னாம்மா நீ, கஸ்டமரையே வராதேன்னு தொரத்திக்கினு கீறே! யாவாரம் எப்டி நடக்கும்?”

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து தன் அப்பாவோடு வள்ளி வந்தாள். நிச்சயம் ஆன பெண். நோய் என்று தெரிந்ததும் கல்யாணத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். முடியெல்லாம் கொட்டிப்போய், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் கூடத்தில் என்னோடு தாயம் ஆடுவாள். கூசாமல் அழுகுணி ஆட்டம் ஆடுவாள்; தோற்ற பிறகுதான் எனக்கு உறைக்கும். அம்மாவுக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

ஊருக்குக் கிளம்பிய அன்று, ஆட்டோவில் ஏறியவள் தலையை நீட்டி, “போயிட்டு வாரேன் அத்தை! கல்யாணப் பத்திரிகையோட வாரேன்!” என்று கத்திவிட்டாள். அம்மா பதறிப்போனாள். அவளை இறக்கி, உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி கிளப்பினாள்.

“பத்திரிகையைத் தபால்ல போடு கண்ணு. நீ வராதே.”

“சரி அத்தை, போறேன்” என்றாள் வள்ளி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவள் வரவில்லை. பத்திரிகையும் வரவில்லை. பிழைத்தவர்களும் வர மாட்டார்கள், போய்ச் சேர்ந்தவர்களும் வர மாட்டார்கள். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் எது எதுவென்று தெரியாது. அம்மா தபால்காரரை விசாரித்துக்கொண்டே இருந்தாள். “விலாசத்தைத் தொலைச்சிருப்பா” என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். என்னால் அதைக் கேட்கவே முடியாது.

இப்போது அங்கே ஐந்து மாடிக் குடியிருப்பு. அந்த கேட் இல்லை, கொல்லை இல்லை. காவலாளிக்கு எங்கள் பெயர்கூடத் தெரியாது. தபால் வந்தாலும் வாங்கி வைக்க ஆளில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று எங்கள் கார் அந்தத் தெரு வழியாகத்தான் வந்தது. அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக வருஷங்கள் குழம்புகின்றன. ஜன்னல் வழியே பார்த்தபடி, “வள்ளி வந்தாளாடா?” என்றாள்.

“வரலம்மா.”

“நல்லதாப் போச்சு.”

கொஞ்ச தூரம் போனதும், “பத்திரிகை?” என்றாள்.